அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது: சொந்த வீடா, பிள்ளை வீடா, கோவையா, ஹோமா?

அம்மா விழுந்தது புறவாசலில். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு பழைய மாதிரி நீள வீடு. தார்சா, பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை எல்லாம் தாண்டி இரண்டு படி இறங்கினால்தான் கழிப்பறை. ராத்திரி எழுந்து போனவள் இரண்டாவது படியில் சறுக்கி அங்கணத்தை ஒட்டி விழுந்துவிட்டாள். காலை ஐந்தரைக்குப் பால் ஊற்ற வந்தவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறி எட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. செல்போன் பட்டாசலில் சார்ஜில் கிடந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது அம்மாவுக்கு.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நாலு எட்டு வைக்கும் வரை எல்லாரும் கூடவே இருந்தோம். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தான். நான் குரோம்பேட்டையிலிருந்து லீவு மேல் லீவு போட்டேன். அப்புறம் எல்லாருக்கும் லீவு தீர்ந்தது. அம்மாவுக்கு அப்போது 77 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்ஷன் வருகிறது. அப்பா இல்லை. அடுத்து எங்கே என்ற கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தோம், அம்மாவைத் தவிர. அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. "எங்கயா? என் வீட்டுக்குத்தான்."

அதற்குப் பிறகான மூன்று வருஷத்தில் பாதி வழிகளைச் செய்து பார்த்தோம், மீதியை நேரில் போய் விசாரித்தோம். எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி ரெண்டு மணிக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள், யாருடைய போன் அடிக்கும்? தோட்டம், யோகா வகுப்பு, மாதக் கட்டணம் எல்லாம் அப்புறம். எந்த வழியை எடுத்தாலும் குடும்பத்தில் ஒரு ஆள் மேனேஜர் மாதிரி இருந்தே ஆக வேண்டும். வழிக்கு வழி மாறுவது அந்த ஆளின் நேரமும் தூக்கமும் எவ்வளவு போகும் என்பதுதான்.

சொந்த வீட்டிலேயே, ஆள் வைத்து

முதலில் அம்மா சொன்னபடியே செய்தோம். வீட்டை மாற்றுவதில் ஆகிற செலவு நினைத்த அளவுக்கு இல்லை. பட்டாசலை ஒட்டிய சாமான் அறையை உடைத்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். சுவரில் இரண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், கட்டிலிலிருந்து டாய்லெட் வரை ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. கொத்தனாரிடம் நாங்கள் சொல்ல மறந்தது கதவைத்தான். பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்; வெளியிலிருந்து தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டையும் பிறகு மாற்றினோம், இரண்டு தடவை கூலி. வாசல் அகலத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மூன்றடி இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பழைய வீடுகளில் பாத்ரூம் வாசல் இரண்டரை அடிகூட இருக்காது.

ஊரில் இருப்பதில் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு வசதி கிடைத்தது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். எங்கள் தெருவுக்கு வருகிற தன்னார்வலர் அம்மாவிடம் படித்த பெண். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபி, வலி தணிக்கும் சிகிச்சை ஆகியவையும் அந்தத் திட்டத்தில் உண்டு. இதைக் கேட்டு வாங்கத் தெரியாமல், தனியாருக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

கஷ்டம் ஆள் வைப்பதில் இருக்கிறது. ஏஜென்சிக்காரர் "இருபத்துநாலு மணி நேர ஆள்" என்பார். நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டோம். மாதம் 24,000 ரூபாய், சாப்பாடு நம்முடையது, ஏஜென்சிக்கு முன்பணம் தனி. ஆனால் எந்த மனுஷியும் இருபத்துநாலு மணி நேரம் விழித்திருக்க மாட்டாள். பகல் முழுக்க வேலை செய்தவள் ராத்திரி தூங்கத்தான் செய்வாள், தூங்கவும் வேண்டும். அம்மா மாதிரி ராத்திரி ஒரு தடவை எழுந்து போகிறவர்களுக்கு அது போதும். படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அப்படியொரு நிலைக்கு இரண்டு ஷிப்டில் இரண்டு பேர் வேண்டும், செலவும் இரட்டிப்பாகும். அதற்கு மேல் டயப்பர். ஒன்று 40, 50 ரூபாய். நாளுக்கு மூன்று என்றால் மாதம் நாலாயிரத்தைத் தொடும்.

இன்னொன்று: வருகிறவர்களில் பெரும்பாலோர் நர்ஸ் இல்லை. ஏஜென்சி "ஹோம் நர்ஸ்" என்று அனுப்பினாலும், குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, ஊட்டுவது வரைக்கும்தான் அவர்களுக்குப் பழக்கம். யூரின் ட்யூப் மாற்றுவது, மூக்கு வழி ட்யூபில் உணவு கொடுப்பது, இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியவை. ஏஜென்சியில் முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள். ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் இருக்கிறதா என்பதையும்.

இரண்டு மாதத்தில் எங்களுக்கு மூன்று பேர் மாறினார்கள். முதல் அம்மாள் நல்லவள், மகளுக்குப் பிரசவம் என்று போனாள். இரண்டாவது பெண் நாள் முழுக்க போனில். மூன்றாவதாக வந்தவள்தான் நிலைத்தாள். ஒன்றரை வருஷம் இருந்தாள், அம்மாவுக்குத் தாயம் ஆடக் கற்றுக்கொடுத்தாள், இல்லை, அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்தாளா, ஞாபகமில்லை. ஆனால் அவளுக்கும் குடும்பம் உண்டு. பொங்கலுக்கு நாலு நாள், தீபாவளிக்கு மூன்று நாள், ஊர்க் கோயில் கொடைக்கு இரண்டு நாள். அந்த நாட்களில் ஏஜென்சி போனை எடுக்காது. குரோம்பேட்டையில் ராத்திரி பத்து மணிக்கு என் போன் அடிக்கும்: "அக்கா, நாளைக்கு நான் வரல." நெல்லை எக்ஸ்பிரஸில் அப்போது டிக்கெட் ஏது? ஆம்னி பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம். இந்த வழியில் அம்மா நிம்மதியாக இருந்தாள், என் தூக்கம் போயிற்று. இரண்டையும் கணக்கில் எழுத வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில், முறை வைத்து

"மூணு மாசம் எங்கிட்ட, மூணு மாசம் உங்கிட்ட" என்று அண்ணன் சொன்னான். ஒரு சுற்று செய்தும் பார்த்தோம். பெங்களூரில் ஒரு டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றுவார், சென்னையில் இன்னொருவர் "இதை யாரு எழுதினா?" என்பார். சாக்குப்பை மாதிரி ஒரு மருந்துப் பை, ஒரு ஃபைல், ஒரு வாக்கர். இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும்போது அம்மா சொன்னாள்: "ஏட்டி, நான் என்ன பிலிம் பொட்டியா, தியேட்டர் மாத்தித் தியேட்டர் அனுப்புததுக்கு?"

எங்கள் பிளாட் நாலாவது மாடி. லிப்ட் இருக்கிறது, ஆனால் ஸ்ட்ரெச்சர் நுழையாது. நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க முடியும். காலை ஒன்பதுக்கு நானும் என் கணவரும் வேலைக்குப் போனால், பையன் நாலரைக்கு வரும் வரை அம்மா தனியாக. ஹாலில் கேமரா மாட்டினோம். ஆபீஸில் உட்கார்ந்து போனில் பார்ப்பேன். அம்மா பால்கனியில் நின்று தண்ணீர் லாரியை எண்ணிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வந்ததும் கணக்குச் சொல்வாள், இன்றைக்கு ஏழு என்று. ஊரில் அவளுக்குத் தெருவே தெரியும். இங்கே எதிர் வீட்டுக் கதவு திறந்து அவள் பார்த்ததில்லை. ராத்திரியில் இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது, பக்கத்து அறையில்தான் மகள். பகலில் இதைவிடத் தனிமையான இடமும் கிடையாது. பிள்ளை வீட்டில் இருக்கிறார்கள், பிறகென்ன குறை என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது இந்தப் பகலைத்தான் அவர்கள் யோசிப்பதில்லை. வீட்டில் பகலிலும் ஆள் இருக்கிற குடும்பம் என்றால் கணக்கு வேறு. ஆனால் அந்த ஆள் பெரும்பாலும் மருமகளோ மகளோதான். அவளிடம் யாராவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி.

இங்கே சொத்து விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிள்ளை வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் பல வீடுகளில் "எதுக்கும் வீட்டை எழுதி வச்சுடலாமே" என்ற பேச்சு வரும். அவசரப்பட வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததா என்பதில்தான் வழக்குகள் இழுக்கின்றன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்படி நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்காவிட்டால் அந்தப் பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், பெரியவர்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், அதைத் தாராளமாகத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லி, மகனுக்குத் தாய் எழுதிக்கொடுத்ததை ரத்து செய்தது. கடைசி வரை நீதிமன்றத்தை நம்புவதைவிட செட்டில்மென்ட் பத்திரத்திலேயே "ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை, உணவு, மருத்துவம்" என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. எழுதாமலே இருப்பது இன்னும் நல்லது. உயில் எதற்கு இருக்கிறது? அம்மா எதையும் எழுதவில்லை. அதில் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

கோவைப் பக்கம்

சீனியர் சிட்டிசன் குடியிருப்பு என்றாலே தமிழ்நாட்டில் கோவைதான் நினைவுக்கு வரும். வெயில் குறைவு, பெரிய மருத்துவமனைகள் பக்கத்தில், இரண்டாயிரங்களின் நடுவில் ஆரம்பித்து ஊரைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய எழும்பிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதிகள், எழுபதுக்குள், இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் என்றால் இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. சமைக்க வேண்டாம், பிளம்பரைத் தேட வேண்டாம், சாயங்காலம் பேச்சுத்துணை உண்டு. என் தோழியின் அப்பா அம்மா அங்கே போன பிறகு ஐந்து வயசு குறைந்த மாதிரி இருக்கிறார்கள்.

நாங்கள் ஒரு இடத்தில் விருந்தினர் அறை எடுத்து மூன்று ராத்திரி தங்கிப் பார்த்தோம். இந்த வசதியைக் கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். பணம் கட்டும் முன் இதைச் செய்யாமல் இருக்காதீர்கள். முதல் நாள் எல்லாம் அழகு. சாய்வுப் பாதை, கைப்பிடி, கட்டில் பக்கத்தில் சிவப்பு பட்டன். இரண்டாம் நாள் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு நானே அந்தப் பட்டனை அழுத்தினேன். அநியாயம்தான், ஆனால் வேறு எப்படித் தெரிந்துகொள்வது? நாலு நிமிஷத்தில் வாட்ச்மேன் வந்தார். "என்னம்மா?" என்றார். அவரிடம் வீல்சேர் இல்லை, நர்ஸ் நம்பர் இருந்தது. நர்ஸ் வரப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. மோசம் என்று சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டைப் புறவாசலில் பால்காரர் வரும் வரை கிடந்ததை நினைத்தால் பதினோரு நிமிஷம் பெரிய விஷயம். ஆனால் விளம்பரத்தில் இருந்தது "24 மணி நேர மருத்துவ வசதி".

ஒப்பந்தத்தைப் படிக்கும்போதுதான் பல விஷயங்கள் தெரிந்தன. வீட்டை விலைக்கு வாங்கினாலும் மாதச் சேவைக் கட்டணம், சாப்பாட்டுக் கட்டணம் தனி. வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏறும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எங்களுக்குக் காட்டியதில் "நிர்வாகம் முடிவு செய்யும்" என்று இருந்தது. ஜிஎஸ்டி சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தில் பதிவு செய்த அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், தங்குவது, சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. லாபத்துக்கு நடத்தும் இடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. விற்கிற அன்றைக்கு வயது வரம்புக்குள் இருப்பவருக்குத்தான் விற்க முடியும், பில்டருக்கு ஒரு பங்கு கட்டணம் என்பதும் பல ஒப்பந்தங்களில் உண்டு. பிள்ளைகள் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது, விற்கவும் நாளாகும். அதனால் என் அபிப்பிராயம்: முதல் இரண்டு வருஷம் வாடகைக்கோ லீசுக்கோ இருந்து பார்ப்பது, பிடித்தால் பிறகு வாங்குவது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு ஷரத்து. நடமாட்டம் நின்றுபோனால் என்ன? பல குடியிருப்புகள் "சுயமாக இயங்குபவர்களுக்கு" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அதற்கு மேல் போனால் தனிக் கட்டடத்துக்கு, அசிஸ்டட் லிவிங் என்று, தனிக் கட்டணத்துக்கு மாற வேண்டும். சில இடங்களில் அந்தக் கட்டடமே இல்லை, சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்போது பாளையங்கோட்டைப் பிரச்சினையே கோவையில் திரும்பி வரும், கூடுதலாக மாதக் கட்டணத்தோடு. வீடு கட்டிக் கொடுப்பதற்கு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சேவைக்கு? மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறை வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதில் ஒன்று. மாதிரி என்றால் மாதிரிதான், தானாகச் சட்டமாகிவிடாது. ஆனால் மேஜை மேல் வைத்து "இதன்படி எழுதித் தருவீர்களா?" என்று கேட்க உதவும். பதில் சொல்லும் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அம்மா இந்த ஷரத்தெல்லாம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் தட்டைப் பார்த்துவிட்டு, "இங்க மீனே கிடையாதா?" என்று கேட்டாள். கிடையாது. இப்படிப்பட்ட குடியிருப்புகளில் கணிசமானவற்றில் பொதுச் சமையலறை முழுச் சைவம், சிலவற்றில் அறையில் சமைக்கவும் விடுவதில்லை. சாளைக் குழம்பும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டே 77 வயதானவளுக்கு, மிச்ச ஆயுளுக்கும் சாம்பார் என்றால் அது சின்ன விஷயமா? சிற்றேட்டில் யாரும் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. கேட்டால்தான் சொல்வார்கள். கோவை அன்றோடு முடிந்தது.

ஹோம் என்று நாம் சொல்வது

முதியோர் இல்லம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று ஆதரவில்லாதவர்களுக்கு. சாவித்திரி வைத்தி 1978-இல் சென்னையில் தொடங்கிய விச்ராந்தி போன்றவை இந்த வகை. சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்பேஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமமும் அப்படித்தான். 2007 சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, வசதியற்ற 150 பேராவது தங்கும்படி அரசு அமைக்கலாம் என்கிறது. பிள்ளைகளும் பென்ஷனும் இருக்கும் என் அம்மாவுக்கு அங்கே இடம் கேட்பது நியாயமே இல்லை. ஆனால் உங்கள் தெருவில் யாருமில்லாமல் ஒரு பெரியவர் இருந்தால், 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.

மற்றது பணம் கட்டிச் சேர்க்கும் இடம், படுக்கையில் இருப்பவர்களையும் பார்த்துக்கொள்வது. சென்னையின் தென்பகுதியில் நாங்கள் ஐந்தாறு இடங்கள் பார்த்தோம். தனி அறை என்றால் மாதம் 40,000-க்குக் குறைவாக யாரும் சொல்லவில்லை, பகிர்ந்துகொள்ளும் அறை 25,000-லிருந்து. டயப்பர், மருந்து, பிசியோ எல்லாம் தனிக் கணக்கு. இந்த இடங்களைப் பார்க்கப் போகும்போது நான் வைத்திருந்த வழக்கம் ஒன்று: சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போவது. வாரநாள் காலையில் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். வரவேற்பறையில் உட்காராமல் உள்ளே போய் மூக்கைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒரு இடத்தில் பினாயில் வாசனை கண்ணைக் கரித்தது, அதற்கடியில் மூத்திர வாடை. இன்னொரு இடம் சாதாரணக் கட்டடம், பெயின்ட்கூட உரிந்திருந்தது. ஆனால் ஜன்னலோரம் ஒரு பாட்டிக்கு ஒரு பெண் தலைவாரிக்கொண்டிருந்தாள், பாட்டி அவளை அதட்டிக்கொண்டிருந்தார். அதட்டுகிற அளவுக்கு உரிமை இருக்கிற இடம். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அங்கே கேட்க வேண்டிய கேள்விகளில் பலரும் விட்டுவிடுவது: மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் கூட யார் இருப்பது? பெரும்பாலான இடங்களில் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவது வரைதான் அவர்கள் பொறுப்பு, வார்டில் உட்காருவது நாம். அதாவது ஹோமில் சேர்த்தாலும் ராத்திரி ரெண்டு மணி போன் வரும். வருஷத்துக்கு நாற்பது தடவை வந்தது மூன்று தடவையாகக் குறையும், அவ்வளவே. அந்த வித்தியாசம் சின்னதல்ல. "அம்மாவை ஹோம்ல சேத்துட்டா" என்று ஊர் பேசும் பேச்சுக்குப் பயந்து, முதுகில் புண்ணோடு வீட்டிலேயே வைத்திருக்கிற குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட ஆள் இருக்கும் இடம் அந்தப் பெரியவருக்கு வீட்டைவிட மேல்.

மறதி நோய் இருந்தால் மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. 2017-18-இல் நாடு முழுக்க எடுத்த முதியோர் ஆய்வை வைத்து, அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது பழகின முகம், மாறாத அறை, திறந்து கிடக்காத கேட். மூன்று மாத முறையெல்லாம் அவர்களுக்குப் பெரிய தண்டனை. சாதாரண ஹோமில் "அதுவும் பாத்துக்கலாம்" என்பார்கள். நம்பாதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். சென்னையில் ஸ்கார்ப் என்ற மனநல அமைப்பு இந்த நோய்க்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. சந்தேகம் வரும்போதே அங்கே ஒரு தடவை காட்டுவது நல்லது.

நாங்கள் செய்தது

ஊரில் அந்த மூன்றாவது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மறுபடி முதல் கட்டத்துக்கு வந்து நின்றோம். அப்போது என் கணவர்தான் சொன்னார், அம்மாவுக்கு வேண்டியது நம்ம வீடா, நம்ம பக்கமா என்று. குரோம்பேட்டையில் எங்கள் பிளாட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. மாடியில் வீட்டுக்காரர்கள், அறுபது வயசுத் தம்பதி. வாசலில் படி இல்லை, வாசல்வரை ஆட்டோ வரும். கைப்பிடிக் கம்பிகளைப் பாளையங்கோட்டையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தோம். பகலில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு பெண், மாதம் 13,000 ரூபாய். ராத்திரி பத்தாவது படிக்கும் என் மகன் பாட்டி வீட்டில் படுக்கிறான், அவனுக்கும் படிக்க நிம்மதி. காலிங் பெல்லின் மணியை மாடி வீட்டுக்குள் வைத்து, பட்டனை அம்மா கட்டிலில் கட்டியிருக்கிறோம். முந்நூறு ரூபாய்ச் சாமான்.

இதை நான் சிபாரிசு செய்கிறேன், ஆனால் இது எல்லாருக்கும் அமையாது என்பதும் தெரியும். பிள்ளைகளில் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பெரியவருக்குத் தானாக எழுந்து டாய்லெட் போக முடிய வேண்டும். சொந்த ஊரை விட்டு வரச் சம்மதிக்க வேண்டும். அம்மா சம்மதித்ததற்குக் காரணம், தனி அடுக்களை, தனிச் சாவி. "உன் வீட்ல இருந்தா நான் விருந்தாளி. இங்க நீ வந்தா நீதான் விருந்தாளி" என்றாள். பகலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தால் ஆள் நடமாட்டம், தள்ளுவண்டிக் கீரை, எதிர்வீட்டுச் சண்டை. தண்ணீர் லாரியை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பணம்: ஊர் வீட்டைப் பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டோம், அது இங்கே வாடகையில் பாதியை ஏற்கும். அப்பா விட்டுப்போன பணம் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது. 2023-லிருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். வட்டி 2025-இல் 8.2 சதவீதம். முழுத் தொகை போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 20,500 என்று ஆகிறது. ஹோம் கட்டணத்தையும் ஆள் சம்பளத்தையும் இந்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால்தான் எது தாங்கும் எது தாங்காது என்று புரியும். வீட்டை அடமானம் வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007-லிருந்து இருக்கிறது. நாங்கள் போன வங்கிக் கிளையில் அதைப் பற்றிக் கேட்டதும் மேனேஜர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். விட்டுவிட்டோம். 2024 அக்டோபர் முதல் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை ஆயுஷ்மான் காப்பீடு உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான். வீட்டில் ஆள் வைக்க அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. மாதா மாதம் கரையும் பணம் அங்கேதான் இருக்கிறது, அதை நாமேதான் போட வேண்டும்.

மருத்துவத்துக்கு இங்கே வந்தது லாபம். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை, 200 படுக்கை, அரசுடையது. பல டாக்டர்களிடம் தனித்தனியாக அலைந்தது போய், ஒரே ஃபைலோடு ஒரே இடம்.

இது நிரந்தர ஏற்பாடு என்று எனக்கு எண்ணமில்லை. அம்மாவுக்கு இப்போது எண்பது. தானாக எழ முடியாத நாள் ஒன்று வந்தால் இந்தப் போர்ஷன் போதாது, காலிங் பெல் போதாது, பத்தாம் வகுப்புப் பையனும் போதாது. அப்போது ஓடித் தேடினால் ஏதோ ஒரு இடம்தான் கிடைக்கும். அதனால் பெயின்ட் உரிந்த அந்த ஹோமில் இப்போதே பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. ஜன்னலோரப் பாட்டி இன்னும் இருந்தார், அம்மாவை உட்காரச் சொல்லி ஊர் பெயர் விசாரித்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பல்லாவரம் தாண்டியதும் கேட்டாள்:

"ஏட்டி, அங்க மீன் உண்டாமா?"

"ஞாயிற்றுக்கிழமை உண்டாம்."

"என்ன மீனுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.